ஒன்பது கிலோ

லிங்கராஜபுரம், மூன்றாம் மாடி.
சிகாகோவிலிருந்து திரும்பிய ஹவுஸ் ஓனர்
கண்டெய்னரில் கூடவே கொண்டுவந்த ஜன்னல்கள்.
பக்கவாட்டில் நகராது, மேலே தூக்க வேண்டும்.
வெள்ளை பிளாஸ்டிக் இருபது வருடத்தில்
பல் தேய்க்காதவன் சிரிப்பாகியிருந்தது.

தூக்கினால் நிற்காது என்பது
ஆகஸ்டில்தான் தெரிந்தது.
பகலில் தூங்கும் ஜெபக்கனியின் தலைமாட்டில்
தடாலென்று இறங்கியது.
கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.
இவள்தான் எழுந்து
"எந்த பெட்?" என்று கேட்டுக்கொண்டே
செருப்பைத் தேடினாளாம்.
சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

அவளுக்கு நைட், எனக்கு டே.
ஒரே கட்டில், இரண்டு போர்வை.
பால் இருக்கு, கேஸ் சொல்லியாச்சு,
தண்ணி லாரி நாளைக்கு,
ஜன்னல் பக்கம் தலை வைக்காதே:
எங்கள் பேச்சு முழுக்க
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

முட்டுக்கொடுக்க முதலில் பூரிக்கட்டை.
அது உருண்டது.
பிறகு அவளுடைய ஜெர்மன் பாடப்புத்தகம்,
நெட்டுக்குத்தாக.
மழையில் நனைந்து
இருபத்திரண்டாம் பக்கத்தோடு
வினைச்சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன.
"இனி பரீட்சையில ஜன்னலக் கேட்டா மட்டும் சொல்லுவேன்"
என்று ஒரு சீட்டு.

டேனரி ரோட்டிலிருந்து இத்ரீஸ் வந்தார்.
பள்ளத்தில் டார்ச் அடித்தார்.
"வலப்பக்கம் செத்துப்போச்சு.
இடது ஒண்டியா இழுக்குது, அதான் கோணலா ஏறுது.
எடை சொல்லுங்க, ஸ்பிரிங் வரவழைக்கிறேன்."

ஜன்னலுக்கு எடை கேட்கிறார்கள் என்று
ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

காலை ஏழே கால்.
அவள் வந்த, நான் கிளம்பாத நேரம்.
தாழ்களை அழுத்தி, சாய்த்து, கழற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
எடை மெஷினில் ஏறினேன்.
என் காலடி எண் எனக்குத் தெரியவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து
அவள் படித்தாள்:
"அறுபத்தி ரெண்டு. இறங்கு. நீ மட்டும் ஏறு. அம்பத்தி மூணு."
நிமிர்ந்தபோது மூக்கு இடிக்கும் தூரத்தில்
அழுக்குக் கண்ணாடி வழியே பார்த்தாள்.
"மெலிஞ்சிட்டே டீ."
ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

பதினோரு நாளில் வந்தது:
இரண்டு மெல்லிய குழாய்கள்,
உள்ளே முறுக்கிய கம்பி,
ஆளுக்கு நாலரை கிலோ.
"இடது நல்லாத்தானே இருக்கு?"
"இருக்கும் மேடம். ஆனா இத்தனை நாள்
ரெண்டு பேர் வேலையப் பார்த்திருக்கு.
புதுசு வேகமா இழுக்கும். மறுபடி கோணும்."
பிளையரால் பிடித்துக்கொண்டு கொக்கியை விடுவித்தார்.
விர்ரென்று
குழாய்க்குள் ஏதோ
வெகுநேரம் சுற்றி ஓய்ந்தது.

சட்டத்தின் இரண்டு ஓரத்திலும்
மூடிகளை அழுத்திச் சேர்த்தார்.
இனி அவற்றை யாரும் பார்க்கப் போவதில்லை.
அறுநூறு ரூபாய் கூலி.
பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்,
ஏனென்று தெரியாமல்.

விரித்து வைத்த புத்தகம்
ஃபேனுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது.
ஃப்ரிட்ஜில் புதுச் சீட்டு:
விசா வந்தாச்சு. டோர்ட்முண்ட். மார்ச் ஒன்பது.
அட்வான்ஸ்ல என் பங்கு மெதுவா குடு.
அதற்குக் கீழே, வேறு பேனாவில்:
ஜன்னல் எப்படி இருக்கு?

இரண்டு கையும் கொடுத்து
மூன்று மாதப் பழக்கத்தில் தம் பிடித்துத்
தூக்கினேன்.
எடையே இல்லாமல் பறந்து போய்
மேல் சட்டத்தில் இடித்தது.
கீழ்வீட்டு ஹொன்னம்மா
"ஏனாய்த்து?" என்றார்.

ஒன்றுமில்லை ஆன்ட்டி, என்றேன்.
ஜன்னல் அங்கேயே நின்றது.
கை மட்டும்
இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது.